நான்காம் தடத்துக் குழந்தை ஏன் 23 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி விளையாட்டு விழாக்களின் பருவம் வந்துவிட்டது. இனி உங்கள் நாளிதழின் பள்ளிச் செய்திப் பகுதியில் கோப்பையும் பதக்கமுமாகக் குழந்தைகள் சிரிக்கும் படங்கள் தினமும் வரும். வரட்டும், மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் படங்களில் இல்லாத ஒரு குழந்தைக்காக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். நான்காம் தடத்தில் உயிரைக் கொடுத்து ஓடி, கடைசியாக வந்து, 'எனக்கு ஓட வராது' என்று முடிவு கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும் குழந்தை அது. மைதானம் சிறியதாகவும், அளந்து கோடு போட ஆள் குறைவாகவும் இருக்கும் பள்ளிகளில், முந்தைய நாள் மாலை சுண்ணாம்பு போட்டபோதே அந்தக் குழந்தையின் இடம் முடிவாகிவிடுகிறது.

வளைவில் உள்தடம் சிறிய வட்டம், வெளித்தடம் பெரிய வட்டம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அதை ஈடுகட்டத்தான் வெளித்தடத்தில் ஓடுபவரை முன்னால் தள்ளி நிறுத்துகிறோம். இந்த இடைவெளிக்கு ஸ்டேகர் என்று பெயர். தட அகலம் 1.22 மீட்டர் என்றால், ஒரு முழுச் சுற்றுக்கு ஒவ்வொரு தடமும் முந்தைய தடத்தைவிட 7.67 மீட்டர் நீளம். இரண்டாம் தடத்துக்கு 7.67, மூன்றாம் தடத்துக்கு 15.33, நான்காம் தடத்துக்கு 23.00 மீட்டர். எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்திவிட்டால் நான்காம் தடத்துக் குழந்தை 223 மீட்டர் ஓடுகிறது. 200 மீட்டரை 40 விநாடியில் ஓடக்கூடிய குழந்தைக்கு அந்த 23 மீட்டர் என்பது 4.6 விநாடி. எவ்வளவு பயிற்சி எடுத்தாலும் பிடிக்க முடியாத தூரம்.

ஒரே கோட்டில் நிறுத்தும் தவறு இப்போது குறைவு. கண்ணுக்குத் தெரியாத தவறுகள்தான் அதிகம், அவற்றில் இரண்டு மிகவும் பரவலானவை.

முதலாவது, பெரிய மைதானத்தின் அட்டவணையைச் சிறிய மைதானத்தில் அப்படியே எடுத்துப் போடுவது. 400 மீட்டர் சுற்றுள்ள மைதானத்தில் 200 மீட்டர் ஓட்டம் ஒரு வளைவோடு முடிந்துவிடும். ஆகவே அங்கே ஸ்டேகர் ஏறத்தாழப் பாதிதான்: இரண்டாம் தடத்துக்கு 3.52, நான்காம் தடத்துக்கு 11.18 மீட்டர். பள்ளியில் இருப்பதோ 200 மீட்டர் சுற்று. அங்கே 200 மீட்டர் என்பது இரண்டு வளைவும் சேர்ந்த முழுச் சுற்று. அட்டவணையில் '200 மீ.' என்ற பெயரைப் பார்த்து 11.18 என்று குறித்தால், நான்காம் தடத்துக்கு 11.82 மீட்டர் கூடுதல் ஓட்டம். கோடுகள் படிப்படியாக அழகாக முன்னேறி இருப்பதால் பார்ப்பவர் யாருக்கும் சந்தேகம் வராது. ஸ்டேகரைத் தீர்மானிப்பது எத்தனை வளைவு ஓடுகிறோம் என்பதும் தட அகலமும் மட்டும்தான். மைதானம் பெரிதா சிறிதா என்பதற்கு அதில் வேலையே இல்லை. சுற்று 400 ஆனாலும் 150 ஆனாலும், ஒரு முழுச் சுற்றுக்குத் தடத்துக்கு அதே 7.67 தான்.

இரண்டாவது தவறு சிறியது, ஆனால் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருப்பது. புத்தகங்களில் இரண்டாம் தடத்துக்கு 7.04 என்று இருக்கும். உள்விளிம்பில் உயர்த்திய கட்டை பதித்த மைதானத்துக்கான கணக்கு அது. அங்கே முதல் தடத்தைக் கட்டையிலிருந்து 30 செ.மீ. தள்ளியும், மற்றத் தடங்களைக் கோட்டிலிருந்து 20 செ.மீ. தள்ளியும் அளப்பார்கள். கட்டை இல்லாமல் வெறும் சுண்ணாம்புக் கோடு மட்டும் உள்ள மைதானத்தில் முதல் தடத்துக்கும் 20 செ.மீ. தான். எனவே 7.04 அங்கே பொருந்தாது, 7.67 தான் சரி.

கோடு போடும் முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். நான்கு தடங்கள் கொண்ட 200 மீட்டர் சுற்றுக்கு ஏறத்தாழ 88 மீட்டர் நீளமும் 48 மீட்டர் அகலமும் வேண்டும். சுற்றிலும் தாராளமாகக் கொஞ்சம் இடம் விட வேண்டும். நேர்பகுதி 40 மீட்டர், முதல் தடத்தின் தூரத்தை அளக்கும் ஓடும் கோட்டின் ஆரம் 19.10 மீட்டர், அதில் 20 செ.மீ. கழித்தால் உள்கோட்டின் ஆரம் 18.90. மைதானத்தின் நடுவில் நீளவாக்கில் ஒரு கயிறு கட்டி, 40 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளை அடியுங்கள். இவைதான் இரண்டு வளைவுகளின் மையங்கள். ஒவ்வொரு மையத்திலிருந்தும் இருபுறமும் செங்குத்தாக 18.90 மீட்டர் அளந்தால் நான்கு மூலைகள் கிடைக்கும். செங்கோணத்துக்கு 9, 12, 15 மீட்டர் முக்கோணம் போதும். 3, 4, 5 என்று சின்னதாகப் போட்டால் கை நடுக்கம் கூடப் பிழையாக வந்து சேரும். முடித்ததும் மூலைவிட்டம் இரண்டையும் அளந்து பாருங்கள். இரண்டும் 55.03 மீட்டர் இருக்க வேண்டும். ஒன்று கூடி மற்றொன்று குறைந்தால் மைதானம் சாய்ந்துவிட்டது என்று பொருள், சுண்ணாம்பைத் தொடுவதற்கு முன் திருத்திவிடுங்கள்.

பிறகு ஒவ்வொரு மையத்திலிருந்தும் ஐந்து அரைவட்டங்கள்: 18.90, 20.12, 21.34, 22.56, 23.78. நான்கு தடத்துக்கு ஐந்து கோடு என்பதை அவசரத்தில் மறப்பவர்கள் உண்டு. ஆரம் அளக்க நைலான் கயிற்றை எடுக்காதீர்கள், இழுத்தால் நீளும். ஆரத்தில் 10 செ.மீ. கூடினால் சுற்றில் 63 செ.மீ. கூடிவிடும். ஸ்டீல் டேப் அல்லது கம்பி நல்லது. கோட்டின் பருமன் 5 செ.மீ., அளவுகள் எல்லாம் கோட்டின் வெளி விளிம்புக்கு.

இப்போது ஸ்டேகர் குறிக்கும் இடம். அது வளைவில் இருக்கிறது, நாமோ டேப்பை நேராக இழுக்கிறோம். 23.00 மீட்டரை நேர்கோடாக இழுத்துக் குறித்தால் வளைவின் வழியே அது 24.11 மீட்டர் ஆகிவிடும். நான்காம் தடத்துக் குழந்தைக்கு இப்போது ஒரு மீட்டருக்கு மேல் சலுகை, அநீதி முதல் தடத்துக்கு மாறிவிடுகிறது. இதைத் தவிர்க்க வளைவு அளவை நாண் அளவாக, அதாவது வளைவின் இரு புள்ளிகளுக்கு இடையிலான நேர்கோட்டுத் தூரமாக மாற்றிக்கொள்ள வேண்டும். மேற்சொன்ன 200 மீட்டர் சுற்றுக்கு நாண் அளவுகள்: இரண்டாம் தடம் 7.62, மூன்றாம் தடம் 15.01, நான்காம் தடம் 22.03 மீட்டர். முடிவுக்கோட்டில் அந்தத் தடத்தின் உள்கோட்டிலிருந்து 20 செ.மீ. தள்ளி ஒரு புள்ளி. அங்கிருந்து டேப்பை நேராக இழுத்து, அதே தடத்தில் மறுபடி உள்கோட்டிலிருந்து 20 செ.மீ. தள்ளிய புள்ளியைப் பிடியுங்கள். முடிவுக்கோடு நேர்பகுதி முடிந்து வளைவு தொடங்கும் இடத்தில் இருந்தால்தான் இந்த அளவுகள் பொருந்தும்.

88 மீட்டருக்கு இடமில்லாத பள்ளிகள் 150 மீட்டர் சுற்றுப் போடலாம். 68க்கு 38 மீட்டர் இடம் போதும். நேர்பகுதி 30, உள்கோட்டின் ஆரம் 14.12, மூலைவிட்டம் 41.20. ஸ்டேகர் அதே 7.67, 15.33, 23.00. வளைவு இறுக்கமாக இருப்பதால் நாண் அளவு மட்டும் 7.59, 14.80, 21.46 என்று மாறும். அதைவிடவும் சிறிய இடம் என்றால் வளைவு ஓட்டத்தையே விட்டுவிட்டு 50 அல்லது 60 மீட்டர் நேர் ஓட்டம் வைப்பதே மேல். மைதானத்தின் குறுக்காக, மூலையிலிருந்து மூலைக்குத் தடம் போட்டால் நீளம் கிடைக்கும். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. முடிவுக்கோட்டுக்குப் பின்னால் ஓடி நிற்க 17 மீட்டராவது வெற்றிடம் இருக்க வேண்டும். 100 மீட்டர் என்ற பெயருக்காக முடிவுக்கோட்டைச் சுவருக்கு ஐந்து மீட்டரில் கொண்டுபோய் வைப்பது, முதலில் வரும் குழந்தையைச் சுவரில் மோத விடுவதாகும்.

கோட்டுக்கு நீற்றாத சுண்ணாம்பு கூடவே கூடாது. நீற்றியதும் காரம் உள்ளதுதான். விழும் குழந்தையின் கண்ணில் பட்டால் புண்ணாக்கும். சாக்பீஸ் தூளும் கண்ணை உறுத்தும், ஆனால் எரிக்காது. மழை வந்தால் கோடு கரையும். அதற்காக மறுபடி முதலிலிருந்து அளக்க வேண்டியதில்லை. இரண்டு மையங்கள், நான்கு மூலைகள், தொடக்கப் புள்ளிகள் ஆகியவற்றில் மட்டும் முளைகளைத் தரைமட்டத்துக்குக் கீழே இறங்கும்படி அடித்து, மேலே வண்ணத் துணியை ஒரு சுற்றுச் சுற்றி வைத்தால் அவற்றைப் பிடித்துக்கொண்டே சீக்கிரம் திரும்பப் போட்டுவிடலாம். தரைக்கு மேலே ஒரு விரல் நீட்டிக்கொண்டிருக்கும் முளை வெறுங்காலில் ஓடும் குழந்தைக்கு ஆபத்து.

தொடர் ஓட்டத்தில் சிறிய பள்ளிகள் தேவையில்லாமல் சிக்கலை வரவழைத்துக்கொள்கின்றன. 200 மீட்டர் சுற்றை நான்கு சம ஐம்பதுகளாகப் பிரித்தால் குச்சி மாற்றும் இடங்களில் இரண்டு வளைவுக்குள் விழும், ஒவ்வொரு தடத்துக்கும் தனிக் கணக்குப் போட வேண்டிவரும். அதற்குப் பதில் வளைவு 60, நேர் 40, வளைவு 60, நேர் 40 என்று பிரியுங்கள். முதல் மாற்றமும் இரண்டாம் மாற்றமும் நடக்கும்போது பாக்கி ஒரு வளைவு, எனவே அந்த இடங்களில் பாதி ஸ்டேகர்: 3.83, 7.67, 11.50. மூன்றாம் மாற்றத்தின்போது வளைவே பாக்கியில்லை, எல்லாத் தடத்துக்கும் ஒரே நேர்கோடு. கோட்டுக்கு முன்னும் பின்னும் பத்துப் பத்து மீட்டர் மாற்றும் பகுதி வைத்தால் இந்தத் தூரத்துக்குப் போதும். குச்சி பகுதிக்குள் கைமாறியதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஓடுபவரின் கால் எங்கே இருந்தது என்பது கணக்கில் வராது. இது தெரியாமல் தகுதி நீக்கம் செய்யப்படும் குழந்தைகள் அழுவதைப் பார்க்கப் பொறுக்காது.

இனி நேரம். இது உங்கள் செய்தியாளர்களுக்கும் உரியது. 'பள்ளி அளவில் புதிய சாதனை, 12.47 விநாடி' என்று செய்தி வரும்போது அந்த நேரம் எப்படி எடுக்கப்பட்டது என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஒலி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். 100 மீட்டர் தள்ளி நிற்கும் நேரக் கண்காணிப்பாளர் விசில் சத்தத்தைக் கேட்டு ஸ்டாப் வாட்சை அழுத்தினால், ஓட்டம் தொடங்கி 0.3 விநாடி ஆகிவிட்டிருக்கும். அந்த 0.3 விநாடி குறைவாகப் பதிவாகி, பொய்யான சாதனை ஆகிவிடும். அதனால்தான் துப்பாக்கியின் புகையைப் பார்த்து அழுத்துவது வழக்கம். துப்பாக்கி இல்லாத பள்ளியில் இரண்டு பலகைகளைக் கீல் போட்டு இணைத்த கிளாப்பர் போதும். கைகள் விரிந்து மூடுவதைக் கண்ணால் பார்த்து அழுத்தலாம். பலகையின் உட்புறத்துக்கு அடர்ந்த நிறம் பூசினால் தூரத்திலிருந்து தெளிவாகத் தெரியும். விசிலைக் கைவிடுங்கள்.

கையால் எடுத்த நேரத்தை நூறில் ஒரு பங்கு விநாடி வரை எழுதுவதற்கு அர்த்தமில்லை. வாட்சில் 12.41 என்று காட்டினால் 12.5 என்றுதான் எழுத வேண்டும். அடுத்த பத்தில் ஒரு பங்குக்கு ஏற்றுவதே விதி. மூன்று வாட்சுகளில் இரண்டு ஒத்துப்போனால் அந்த நேரம், மூன்றும் வேறுபட்டால் நடுநேரம், இரண்டே வாட்சு இருந்தால் அதிகமான நேரம். முடிவுக்கோட்டைத் தொடுவது உடற்பகுதிதான். தலை, கை, கால் கணக்கில் வராது. நீட்டிய கையைப் பார்த்து முதல் பரிசு கொடுத்துவிட்டுப் பின் திருத்த முடியாமல் தவிப்பதைவிட, முடிவுக்கோட்டின் நேர் நீட்சியில் ஐந்து மீட்டர் தள்ளி ஒரு மேசை மேல் நடுவரை நிறுத்திவிடலாம்.

நேரத்தைப் பற்றிச் சொல்லும்போது ஓய்வையும் சொல்ல வேண்டும். 24 பேர், நான்கு தடம் என்றால் ஆறு தகுதி ஓட்டம். அதிலிருந்து அரையிறுதி, இறுதி. நிகழ்ச்சி முடிய நேரமாகிறது என்று பத்து நிமிடத்தில் அடுத்த ஓட்டத்துக்குக் கூப்பிடுவது பரவலாக நடக்கிறது. உலகத் தடகள அமைப்பின் விதிப்படி 200 மீட்டர் வரையிலான ஓட்டங்களில் ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் 45 நிமிடமாவது வேண்டும். பயிற்சி பெற்ற பெரியவர்களுக்கே அந்த அளவு என்றால் பத்து வயதுக்கு எவ்வளவு வேண்டும் என்று நீங்களே பாருங்கள். தகுதி ஓட்டங்களை முந்தைய வாரமே மாலை வேளைகளில் முடித்துவிட்டால் விழா நாளில் இறுதி ஓட்டம் மட்டும் மிஞ்சும். பெற்றோருக்கும் முழு நாள் காத்திருப்பு இருக்காது.

நீளம் தாண்டுதலில் பெரிய குறை மணலில்தான். இறுகிய மணலில் விழும் குழந்தையின் குதிகாலும் முதுகும் அதிரும். விழா அன்று காலை 30 செ.மீ. ஆழத்துக்கு மண்வெட்டியால் கொத்திப் புரட்டி, பதம் வரும் அளவுக்கு நீர் தெளித்துச் சமன்படுத்துங்கள். மணல் மேற்பரப்பு தாண்டும் பலகையின் மட்டத்திலேயே இருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் தூரம் பொய்யாகக் கூடும். பலகைக்கு மிக அருகில் உடலின் எந்தப் பகுதி மணலைக் கலைத்ததோ, அங்கிருந்து தாண்டும் கோட்டுக்குச் செங்குத்தாக அளவு. பின்னால் ஊன்றிய கையும் கணக்கில் உண்டு. வாரும் கருவியைப் பற்கள் தரையைப் பார்க்கும்படி வையுங்கள்.

கயிறு இழுத்தலில் கையில் கயிற்றைச் சுற்றிக்கொள்ள யாரையும் விடக்கூடாது. பிடி நழுவாமல் இருக்க என்று குழந்தைகள் தாமாகவே சுற்றுவார்கள், எதிர் அணி திடீரென இழுத்தால் விரல் நசுங்கும். கொடிக்கயிறு, நைலான் கயிறு எதுவும் ஆகாது. நைலான் நீண்டு, அறுந்தால் சாட்டைபோல் திரும்பி அடிக்கும். 10 முதல் 12.5 செ.மீ. சுற்றளவுள்ள, முடிச்சே இல்லாத நார்க்கயிறு வேண்டும். அணிகளைத் தலை எண்ணிப் பிரிக்காமல் மொத்த எடையைச் சமப்படுத்திப் பிரிப்பதுதான் இந்த விளையாட்டின் முறை. எடை பார்க்கும் கருவி ஒன்று இருந்தால் பத்து நிமிட வேலை.

வெயில் காலத்தில் விழா வைக்கும் பள்ளிகள் நீண்ட ஓட்டங்களைக் காலையின் முதல் மணி நேரத்திலேயே முடிக்க வேண்டும். உடல் வெப்பத்துக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். வகுப்பறையிலேயே இருந்த குழந்தையை விழா நாளில் நேராக 800 மீட்டருக்கு இறக்காதீர்கள். ஓடிய குழந்தை உளறினாலோ, தள்ளாடினாலோ, மயங்கினாலோ, வியர்வை இருக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது. நிழலுக்குத் தூக்கி, உடல் முழுக்கக் குளிர்ந்த நீர் ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவ உதவிக்கு ஆள் அனுப்புங்கள். குளிர்விப்பது முதலில், வண்டியில் ஏற்றுவது அடுத்து. அதற்காக மைதான ஓரத்தில் ஒரு பெரிய தொட்டியில் நீரும் சில துண்டுகளும் காலையிலேயே தயாராக இருக்க வேண்டும். குடிநீர்ப் பானை வேறு, இது வேறு.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள். பருவத்தின் முதல் வாரத்தில் பள்ளிச் செய்திப் பகுதியில், 200 மற்றும் 150 மீட்டர் சுற்றுகளுக்கான மேற்கண்ட ஆரம், மூலைவிட்டம், ஸ்டேகர், நாண் அளவுகளைக் கத்தரித்து ஒட்டிவைக்கும்படி ஒரு கட்டத்தில் வெளியிடுங்கள். உடற்கல்வி ஆசிரியர் இல்லாத பள்ளியில் கணித ஆசிரியரோ மேல் வகுப்பு மாணவர்களோ அதை வைத்தே கோடு போட்டுவிடுவார்கள். அடுத்து, முடிவுகளை வெளியிடும்போது '200 மீ., 200 மீ. சுற்று, மண் தளம், கை நேரம்' என்று ஒரு வரி சேருங்கள். இந்த வரிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே, முந்தைய நாள் மாலை யாராவது ஒருவர் டேப்பை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போவார்.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்